செய்தது யார், பழி யாருக்கு? கூட்டுப் பழி பற்றி ஓர் எளிய விளக்கம்

எங்கேயாவது குண்டு வெடித்தால், செத்தவர்கள் எத்தனை பேர் என்பது சரியாகத் தெரிவதற்கு முன்பே, செய்தது யார் என்ற தீர்ப்பு வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றாலும் சரி, குளச்சலில் மீன் ஏலம் முடிந்து பேசிக்கொண்டிருப்பவர்களோடு நின்றாலும் சரி, கேட்கிற பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான். "வெளிய இருந்து வந்தவனுவள எல்லாம் மொதல்ல வண்டி ஏத்தி விடணும்டே, அப்பதான் ஊரு நிம்மதியா இருக்கும்." சொல்கிறவர் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். அவர் வீட்டு மாடிக்கு கான்கிரீட் போட்டதே அசாமிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்த பையன்களாக இருக்கலாம், அவர் மகனே பஹ்ரைனிலோ கத்தாரிலோ வெளியாளாக நின்று சம்பாதித்துக்கொண்டும் இருக்கலாம்.

இந்தப் பேச்சில் நாடு, குடியுரிமை, அகதி, வெளிமாநிலத் தொழிலாளி, பயங்கரவாதி எல்லாமே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், பழி எப்படி இடம் மாறுகிறது என்பது புரியும்.

தேனை வைத்துத் தொடங்கலாம்

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சென்னையில் வெல்லப்பாகு கலந்த தேன் பிடிபடுகிறது. மூன்று பாட்டில், மூன்றிலும் மார்த்தாண்டம் என்று லேபிள். சாயந்திரமே ஒரு வீடியோ வருகிறது, மார்த்தாண்டம் தேன் எல்லாமே கலப்படம், வாங்காதீர்கள் என்று. இங்கே ரப்பர் தளிர்விடுகிற மாசி, பங்குனியில் தோட்டம் தோட்டமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கையிலும் முகத்திலும் கொட்டு வாங்கித் தேன் எடுப்பவர்கள் எத்தனையோ குடும்பம். கலந்தவர்கள் மூன்று பேர். மறுநாள் விலை இறங்குவது மட்டும் எல்லாருக்கும்.

இதில் இரண்டு தப்பு நடந்திருக்கிறது. ஒன்று, ஆள் செய்த காரியம் ஊர்ப் பெயருக்கு மாறிவிட்டது. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது, ஆனால் எல்லாக் குழப்பமும் அதில்தான் இருக்கிறது. "பிடிபட்டவர்கள் எல்லாரும் மார்த்தாண்டத்துக்காரர்கள்" என்பது உண்மை. "மார்த்தாண்டத்துக்காரர்கள் எல்லாரும் கலப்படக்காரர்கள்" என்பது பொய். காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதைச் சொல்ல அந்த மூன்று பேரைப் பார்த்தால் போதும். இரண்டாவதைச் சொல்ல வேண்டுமானால் தேன் எடுக்கிற அத்தனை பேரையும் எண்ணி, அதில் எத்தனை பேர் கலந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதை யாரும் எண்ணுவதில்லை, வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே கலப்படத்தை வேறு எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்பெனி செய்திருந்தால், அந்தக் கம்பெனி மோசம் என்போம். அந்தக் கம்பெனி இருக்கிற நகரத்தில் வாழ்கிறவர்கள் எல்லாரும் மோசம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ஒருவர் செய்த குற்றத்துக்கு, அவர் சேர்ந்த கூட்டம் என்று நாம் நினைக்கிற எல்லாரையும் பொறுப்பாக்குவதைத்தான் கூட்டுப் பழி என்கிறோம். "என்று நாம் நினைக்கிற" என்பதை விட்டுவிடாதீர்கள். பழி சுமக்கிறவர் பல நேரம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த நான்காம் நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மேசா என்ற ஊரில் பல்பீர் சிங் சோதி என்ற பஞ்சாபியர் தன் பெட்ரோல் பங்க் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக்காரர்கள், மற்றவர்கள் ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, லெபனான் நாட்டவர். சோதி ஒரு சீக்கியர். சுட்டவனுக்கு அவருடைய தாடியும் தலைப்பாகையுமே போதுமாக இருந்தது.

குடியுரிமை ஒன்று, அடையாளம் வேறொன்று

குடியுரிமை என்பது உங்களுக்கும் ஒரு அரசுக்கும் சட்டப்படி இருக்கிற உறவு. பாஸ்போர்ட், ஓட்டு, நாட்டை விட்டு அனுப்பப்படாமல் இருக்கிற உரிமை எல்லாம் அதில் வரும். தேசிய அடையாளம் என்பது ஒருவரையொருவர் பார்த்தே இராத கோடிக்கணக்கானவர்கள் "நாம்" என்று உணர்வது. அதற்குக் காகிதம் கிடையாது. மொழி, வரலாறு, பள்ளிக்கூடம், கிரிக்கெட், தேர்தல், துக்கம் என்று பலதும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. புலம்பெயர்ந்தவர் என்பவர் பிழைப்புக்காக இடம் மாறியவர், அகதி என்பவர் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்.

இந்த நான்கும் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதைப் புரிந்துகொள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் வேண்டியதில்லை. 1930இல் விளவங்கோடு தாலுகாவில் பிறந்த ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிறந்தபோது அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. 1947 ஜூன் 11 அன்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று அறிவித்தார். அது நிலைத்திருந்தால் ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட் தேவைப்பட்டிருக்கும். நிலைக்கவில்லை. 1949இல் திருவிதாங்கூர்-கொச்சி. பிறகு மார்ஷல் நேசமணி முன்னின்ற போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போன உயிர்கள், 1956 நவம்பர் 1 அன்று மெட்ராஸ் மாநிலத்தோடு இணைப்பு, 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாற்றம். பாட்டி வீட்டு முற்றத்தைத் தாண்டவில்லை. அவரைச் சுற்றி இருந்த "நாம்" மட்டும் இத்தனை தடவை மாறியது.

இப்போது கன்னியாகுமரி ரயில் நிலையத்துக்கு வாருங்கள். அசாமின் திப்ருகரிலிருந்து கிளம்பும் விவேக் எக்ஸ்பிரஸ், 4,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, மூன்று நாள் தாண்டி இங்கே வந்து நிற்கிறது. தோள்பையோடும் போர்வைச் சுருட்டோடும் அதிலிருந்து இறங்குகிற தொழிலாளி நம் மொழி பேசுவதில்லை, நம் சாப்பாடு அவருக்குப் பழக்கமில்லை, ஆனால் அவர் முழு இந்தியக் குடிமகன். அதே ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் பெருமாள்புரம் இலங்கைத் தமிழர் முகாம். அங்கே 2000த்தில் பிறந்த ஒரு பெண் பேசுவது தமிழ், படித்தது தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம், கும்பிடுவதும் நாம் கும்பிடுகிற சாமி. ஆனால் அவளுக்குக் குடியுரிமை கிடையாது. இந்திய மண்ணில் பிறந்தாலே போதும் என்ற விதி 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும்.

ஆக, ஒருவரைப் பார்த்ததும் "இவர் நம்ம ஆள், இவர் வெளியாள்" என்று மனசு பிரிப்பதற்கும் சட்டம் பிரிப்பதற்கும் தொடர்பு குறைவு. குற்றம் செய்யப்போகிறவர் யார் என்பதற்கும் இந்த இரண்டு பிரிவினைக்கும் உள்ள தொடர்பு அதைவிடக் குறைவு.

பழி ஏன் வெளியாள் மேலேயே போய் விழுகிறது?

பயங்கரவாதம் என்பது அரசியல் நோக்கத்துக்காகச் சாதாரண மக்களைத் தாக்கி, தாக்கப்படாத லட்சக்கணக்கானவர்களைப் பயப்பட வைப்பது. கொள்ளைக்காரனுக்குப் பணம் வேண்டும். பயங்கரவாதிக்கு வேண்டியது பயம். யார், எங்கே, அடுத்தது எப்போது என்று தெரியாத பயத்தை மனிதர்களால் நெடுநேரம் தாங்க முடியாது. ஒரு முகம் கிடைத்தால் கொஞ்சம் ஆறுதல். உண்மையான குற்றவாளி கண்ணுக்குத் தெரிவதில்லை, தெருவில் வேறு மொழி பேசிக்கொண்டு போகிறவர் தெரிகிறார். அவருக்கு இங்கே சொந்தக்காரர் இல்லை, சங்கம் இல்லை, ஓட்டும் இல்லை, அதனால் அவரைத் திட்டினால் வார்டு கவுன்சிலர்கூடக் கேள்வி கேட்க மாட்டார்.

அப்புறம், "நாம்" என்ற உணர்வுக்குள்ளேயே ஒரு வழக்கம் இருக்கிறது. நம்மவர் தப்புச் செய்தால் அவருக்குத் தனிக் காரணம் தேடுவோம்: மனநிலை சரியில்லை, சகவாசம் சரியில்லை, வீட்டில் பிரச்சனை. வெளியாள் செய்தால் காரணமே தேட மாட்டோம், அவர் கூட்டமே காரணம் ஆகிவிடும். இது எந்த ஒரு நாட்டின் குணமும் இல்லை.

1995 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் அரசுக் கட்டடம் தகர்க்கப்பட்டு 168 பேர் இறந்தார்கள். மத்திய கிழக்கிலிருந்து வந்தவர்கள் செய்ததாக முதல் இரண்டு நாளும் பேச்சு. செய்தது திமோத்தி மெக்வே, அமெரிக்காவில் பிறந்து, வளைகுடாப் போரில் அந்த நாட்டுக்காகவே சண்டை போட்ட முன்னாள் ராணுவ வீரன். 2011 ஜூலை 22, நார்வே, 77 பேர் சாவு. முதல் சில மணி நேரம் அங்கேயும் இதே ஊகம். செய்தவன் ஒரு நார்வேக்காரன், அதுவும் புலம்பெயர்ந்தவர்கள் மேல் இருந்த வெறுப்பினால்.

எனக்கு எப்போதும் மனதில் நிற்பது நியூசிலாந்துதான். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பலர் பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம் என்று வேறு நாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்களும் அகதிகளும். சுட்டவன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நியூசிலாந்தில் வாழ்ந்தவன். சட்டப்படி பார்த்தால் அவனும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவன்தானே? ஆனால் ஆஸ்திரேலியர்களை நாட்டைவிட்டு வெளியேற்று என்று எந்தக் கூட்டமும் தெருவுக்கு வரவில்லை. வரக் கூடாது, அதுதான் சரி. ஆனால் "புலம்பெயர்ந்தவர்" என்று நாம் சொல்லும்போது நமக்குள் ஒரு குறிப்பிட்ட நிறமும் மதமும் மட்டும் தோன்றுகிறது என்பதை இந்த ஒரு உதாரணம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

நமக்குக் கடல் தாண்டினால் வரும் இலங்கையில், 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தற்கொலைத் தாக்குதல் நடத்தியவர்கள் இலங்கையர்கள். ஆனால் அடுத்த சில நாட்களில் நீர்கொழும்பில் வாடகை வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தானில் மதத்தின் பெயரால் கொடுமைப்படுத்தப்பட்டு ஓடிவந்த, அகமதியா என்ற முஸ்லிம் பிரிவைச் சேர்ந்த அகதிகளும் ஆப்கன் அகதிகளும். குழந்தைகளோடு காவல் நிலைய வளாகத்திலும் பள்ளிவாசலிலும் படுத்துக் கிடந்தார்கள். எந்த வன்முறைக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அதே வன்முறையின் பழி அவர்கள் மேல்.

நம் மாவட்டத்தில் 2020 ஜனவரி 8 அன்று களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டதாகக் கைது செய்யப்பட்ட இருவரும் இந்த மாவட்டத்துக்காரர்களே, எந்த ரயிலிலும் வந்து இறங்கியவர்கள் இல்லை. இப்படி ஒன்று நடக்கும்போது "வெளியாள்" என்ற சொல் கிடைக்காததால் வேறு சொல் வந்துவிடுகிறது. பீர்முகமது அப்பா தமிழில் ஞானப்பாடல் பாடிய தக்கலையில், தலைமுறை தலைமுறையாக வாழ்கிற முஸ்லிம்களையே "வந்தேறி" என்று சொல்ல நா கூசாதவர்கள் இருக்கிறார்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் ஒரு சண்டை எப்படி மதச் சண்டையாகிக் கடற்கரை முழுக்கப் பரவியது என்பதைப் பார்த்த மாவட்டம் இது, இந்தச் சொல்லின் எடை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: பழி, குற்றத்துக்கு அருகில் இருப்பவர் மேல் விழுவதில்லை. கண்ணில் படுகிறவர், திருப்பிக் கேட்க முடியாதவர் மேல்தான் விழுகிறது.

1991: தமிழர்களுக்கே நடந்தது

இதை வேறு யாருக்கோ நடக்கிற விஷயமாக நினைக்க வேண்டாம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கூடவே பல உயிர்கள் போயின. விடுதலைப் புலிகள் செய்தது அது. அந்தக் குற்றத்தின் கொடுமையை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை.

அப்போது தமிழ்நாட்டு முகாம்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழ் அகதிகள் இருந்தார்கள். பெருமாள்புரம், பழவிளை, கோழிவிளை என்று நம் மாவட்டத்து முகாம்களில் இருப்பவர்களும் அந்த வரலாற்றின் மக்கள்தான். குண்டுவீச்சுக்கும் கலவரத்துக்கும் தப்பிப் படகேறி வந்தவர்கள். கொலை நடந்த மறுநாளிலிருந்து அவர்கள் எல்லாருமே சந்தேகத்துக்குரியவர்கள். முகாமைவிட்டு வெளியே போகக் கெடுபிடி, கியூ பிரிவு என்ற உளவுப் போலீஸின் கணக்கெடுப்பு, பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குச் சில காலம் தடை, பிறகு தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகவும் தடை. அதுவரை வாஞ்சையோடு வீடு கொடுத்தவர்கள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 1992 தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போர் முடியாத இலங்கைக்கே திரும்பிப் போனார்கள். அதில் எத்தனை பேர் மனசாரப் போனார்கள் என்ற கேள்வியை மனித உரிமைக்காரர்கள் அப்போதே எழுப்பினார்கள்.

இப்போது தேன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்த வழக்கில் 1998இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது 26 பேருக்கு. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை விடுவித்தது. நான்கு பேருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூன்று பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்த 26 பேரிலும் இந்தியத் தமிழர்கள் இருந்தார்கள், இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். இந்தியத் தமிழர்கள் சம்பந்தப்பட்டதற்காக நாகர்கோவிலில் எந்தப் பள்ளிக்கூடமும் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு மட்டும் படிப்பு நின்றது. குற்றத்தில் இரண்டு தரப்பும் இருந்தது, கூட்டுப் பழி மட்டும் குடியுரிமை இல்லாதவர் பக்கம் போனது. ஏழு வயசுப் பிள்ளை இதற்கு என்ன செய்திருக்கும்? இத்தனை வருஷம் கழித்தும் இதைப் படிக்கும்போது எனக்கு ஆத்திரம் குறைவதில்லை.

சோதனை வேறு, பழி வேறு

"அப்ப போலீஸ் யாரையும் விசாரிக்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விசாரிக்க வேண்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே விதியாக வைக்கிற சோதனைக்கும், ஒரு கூட்டத்தை மட்டும் பிரித்து நிறுத்துவதற்கும் வித்தியாசம் பெரிது.

2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டார்கள். பத்துப் பேர் கடல் வழியாக வந்தார்கள், குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைப் பிடித்து, அதிலிருந்த மீனவர்களைக் கொன்றுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு இந்தியக் கடற்கரை முழுக்க மீனவர்களுக்கு அடையாள அட்டை, படகுக்குப் பதிவு எண், 'சாகர் கவாச்' பாதுகாப்பு ஒத்திகை எல்லாம் வந்தன. சின்னமுட்டத்திலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது தொந்தரவுதான், நடுக்கடலில் காவல் படகு வந்து அட்டையைக் கேட்கும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனாலும் அது குஜராத்திலிருந்து வங்கம் வரை எல்லா மீனவருக்கும் பொருந்துகிற விதி. படகில் வந்தவர்கள் செய்தார்கள், அதனால் மீனவர்கள் துரோகிகள் என்று யாரும் சொல்லவில்லை.

அமெரிக்கா 2002இல் செய்தது வேறு வகை. 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்கள் மட்டும் நேரில் வந்து கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்று ஒரு திட்டம். அந்த 25இல் வட கொரியா தவிர மற்றதெல்லாம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கிற நாடுகள். 80,000 பேருக்கும் மேல் தாங்களாகவே போய்ப் பதிந்தார்கள். விசாக் காலம் முடிந்தது போன்ற காரணங்களுக்காக 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கியது. பயங்கரவாதக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றதாக ஒருவர்கூட அதிலிருந்து வெளிவரவில்லை. 2016இல் திட்டத்தையே கலைத்தார்கள். யோசித்தால் காரணம் எளிது: குண்டு வைக்க நினைப்பவன் வரிசையில் நின்று கைரேகை கொடுக்க மாட்டான், சட்டத்தை மதிக்கிறவன்தான் கொடுப்பான்.

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட சையத் ஆதில் ஹுசைன் ஷா குதிரை ஓட்டுகிற ஒரு காஷ்மீரி முஸ்லிம். ஆனாலும் அடுத்த நாட்களில் வட இந்திய நகரங்களில் காஷ்மீர் மாணவர்கள் மிரட்டப்பட்டார்கள். அந்த ஆண்டே, சட்டவிரோதமாகக் குடியேறிய வங்கதேசத்தவரைக் கண்டுபிடிக்கிறோம் என்று பல மாநிலங்களில் வங்காளம் பேசுகிற தொழிலாளிகளைப் பிடித்தபோது, மேற்கு வங்கத்தைச் சேர்ந்த இந்தியக் குடிமக்கள் சிலரே எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டு, பிறகு திரும்ப அழைத்து வரப்பட்டார்கள். மொழியை வைத்துக் குடியுரிமையைக் கணக்குப்போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதன் தாக்கம் நம்ம ஊரிலும் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்துக்காரர் ஒருவர் சென்ட்ரிங் வேலை செய்தார். பேச்சுக் கொடுக்கலாம் என்று "எந்த ஊரு அண்ணா?" என்றுதான் கேட்டேன். அவர் ஊரைச் சொல்லவில்லை. சிமெண்ட் படிந்த கையை லுங்கியில் துடைத்துவிட்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து லேமினேட் செய்த ஆதாரை எடுத்து நீட்டினார். மூலையெல்லாம் நைந்து, பிளாஸ்டிக் பிரிந்து, படத்தில் முகமே மங்கியிருந்தது. எத்தனை பேருக்கு எடுத்து நீட்டினால் ஒரு அட்டை அப்படித் தேயும்! நான் வேண்டாம் என்று கையைக் காட்டிய பிறகும் அவர் அதை உடனே பைக்குள் வைக்கவில்லை.

மொத்தத்தில், சோதனை என்பது "இவர் என்ன செய்தார்" என்று கேட்பது. "இவர் எங்கிருந்து வந்தார்" என்ற இடத்திலேயே கேள்வி நின்றுபோனால் அது பழி.

புலம்பெயர்ந்தவரே செய்திருந்தால்?

இதைத் தவிர்த்துவிட்டுப் போனால் கட்டுரை நேர்மையாக இருக்காது. செய்தவர் உண்மையிலேயே அகதியாக வந்தவர், குடியேறியவர் என்று தெரிய வந்த தாக்குதல்களும் உண்டு. 2016 டிசம்பர் 19 அன்று பெர்லினில் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரியை ஏற்றி 12 பேரைக் கொன்றவன் துனிசியாவிலிருந்து வந்தவன், ஜெர்மனியில் புகலிடம் கேட்டு மறுக்கப்பட்டவன். அதை மறைத்துப் பேசினால் நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. ஆனால் அப்போதும் கேட்க வேண்டியது, அவன் இத்தாலியிலேயே சிறையில் இருந்தவன், ஜெர்மன் போலீஸின் கண்காணிப்பிலும் இருந்தவன், எப்படி நழுவினான் என்பதுதான். அதற்கு விடை கண்டால் அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். துனிசியர் எல்லாரையும் திட்டினால் அந்த விடை கிடைக்காது. அவன் முதலில் கொன்றது அந்த லாரியை ஓட்டிவந்த போலந்து டிரைவரை. அவரும் பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவர்தான்.

தாக்குகிறவர்களுக்கும் கூட்டுப் பழி வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களிடம் இருப்பது சின்னக் கூட்டம். அக்கம்பக்கத்தார் ஒரு பெரிய கூட்டத்தையே விரட்டத் தொடங்கினால், "பார்த்தாயா, உனக்கு இங்கே இடமில்லை, எங்களிடம் வா" என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பாகிவிடும். உளவுக்காரர்களுக்கோ இதில் நஷ்டம் மட்டும்தான். ஒரு கூட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்குள் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வாய் திறந்தால்தான் போலீஸுக்குத் தகவல்.

பெர்லின் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2016 அக்டோபரில், இதற்கு நேர் உதாரணம் ஒன்று ஜெர்மனியிலேயே நடந்தது. கெம்னிட்ஸ் நகரில் ஒரு சிரிய அகதி வெடிமருந்து வைத்திருப்பதாகத் தகவல் வந்து போலீஸ் சுற்றிவளைத்தது, அவன் தப்பிவிட்டான். லைப்சிக் போய், ரயில் நிலையத்தில் சந்தித்த சிரியர்களிடம் தங்க இடம் கேட்டான். வீட்டுக்குக் கூட்டிப்போனவர்கள், போலீஸ் தேடுகிற ஆள் இவன்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். பணம் தருகிறேன் என்று அவன் கெஞ்சியும் விடாமல், கட்டிப்போட்டார்கள். போனில் சொன்னது போலீஸுக்குச் சரியாகப் புரியவில்லை, அதனால் ஒருவர் கைபேசியில் அவன் படத்தோடு நேரே ஸ்டேஷனுக்கு ஓடினார்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு வாடகை அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கிற அசாம்காரர்களில் ஒருவருக்கு, புதிதாக வந்து சேர்ந்தவன் மேல் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் அவர் என்ன செய்வார்? தமிழ் தெரியாது. ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் தன்னைத்தான் உட்காரவைப்பார்கள் என்று பயப்படுவார். மிஞ்சுவது வீட்டு ஓனரும் வேலை கொடுக்கிற கான்ட்ராக்டரும்தான். அவர்களில் யாராவது ஒருவரிடம் ராத்திரி பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டலாம் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.